மூணாவது ஃப்ளாப்பி

— பேரை அழி மொதல்ல. பொறவு பேசுவோம்.

— உள்ள வா தவசி. ஒம்போது வருசம் கழிச்சு வந்த மனுசன் வாசல்ல நின்னுக்கிட்டுப் பேசுற மொதப் பேச்சா இது?

— நான் ஒன்னைய நலம் விசாரிக்க வரலை, காதரு. தீபாவளிக்கு எங்கக்கா வீட்டுக்கு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல எறங்குனா, எதுக்கக் கம்ப்யூட்டர் சென்டர்னு போர்டு. உள்ள ஒன் மண்டை. சரி, பழகுன பாவத்துக்கு எட்டிப் பாத்துட்டுப் போவோம்னு ஏறி வந்தா, ஸ்கிரீன்ல இருளப்பசாமி நிக்கான். பச்சைச் சட்டை போட்டு, கையில கத்தி வச்சு நிக்கான்.

— பொம்மைடா அது. கேமு.

— பொம்மைக்குத் தலைக்கு மேல பேரு எழுதியிருக்குல்ல. இங்கிலீசுல எழுதுனா எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனைச்சியா? போய்ச் சேந்தவன் பேரை வச்சு வெளையாட ஒனக்கு எப்படிடா மனசு வருது?

— உக்காரு. டீ சொல்றேன்.

— டீ வேண்டாம். பேரை அழி.

— அழிக்க முடியாது.

— முடியாதா, மாட்டியா?

— மாட்டேன்.

— நல்லாருக்குடா நாயம். இது நம்ம கேமுதான?

— நம்ம கேமுதான். அதே கம்பெனிக்காரன் திரும்ப எடுத்திருக்கான். அதே கதை, அதே கோட்டை, அதே பேய்க. இப்ப கலர்ல, சத்தத்தோட. ஒரே சிடியில அம்புட்டையும் அடக்கிட்டான். மெட்ராஸுக்கு ஆள் விட்டு வாங்குனேன்.

— யாரைக் கேட்டு வாங்குன?

— சிடி வாங்க யாரைக் கேக்கணும்?

— என்னைக் கேக்கணும். மூணு ஃப்ளாப்பி, ஆளுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை ஆடி முடிச்சதும் ஆளுக்கு ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரணும். ஒருத்தன் இல்லாம மத்த ரெண்டு பேரு ஆடக் கூடாது. ராஜபாளையம் மில்லு ஆபீஸ்ல, எங்கப்பா நாற்காலியில கைய வச்சு மூணு பேரும் சத்தியம் பண்ணோம். ஞாபகம் இருக்கா, இல்ல அதையும் கலர்ல மாத்திட்டியா?

— ஞாபகம் இருக்கு.

— ஒண்ணாவது ஃப்ளாப்பி இன்னும் எங்கிட்ட இருக்கு. கோயம்புத்தூர்ல, ரூம்ல, தலைமாட்டுல. ஒன்னோடது?

— ரெண்டாவது இந்தா, மேஜை டிராயர்ல.

— மூணாவது அவனோட போச்சு. அதோட கேமும் போச்சு. அப்படித்தான் நான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன். நீ என்னன்னா கடையைத் தொறந்து வச்சு, கால் மேல கால் போட்டு, தனியா ஆடிக்கிட்டு இருக்க.

— தவசி, நீ கோவத்துல இருக்க. ஒரு நிமிசம் அந்த ஸ்கிரீனைப் பாரு. அந்தக் கோட்டைய. நம்ம ஆடுனப்ப என்ன இருந்துச்சு? கருப்புத் தரை, பச்சை எழுத்து. கோட்டைன்னா நாலு கோடு. பேய்னா ஒரு நட்சத்திரக் குறி. நாம மூணு பேரும் மூணு எழுத்து. நான் கே, நீ டி, அவன் ஐ. ஒத்தைக் குச்சி. 'ஏலே, நான்தான் இருக்குறதுலேயே ஒல்லி'ன்னு சிரிப்பான். இப்ப பாரு. நடந்தா நிழலு விழுது. மழையில நின்னா முடி நனையுது.

— அது அவன் முடி இல்ல.

— தெரியும்.

— அது அவன் நடை இல்ல. அவன் வலது காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடப்பான். அந்த ஒத்தைக் குச்சி நகரும்போது எனக்கு அந்த நடை தெரியும்டா. எழுத்துல தெரியும். இதுல எங்க இருக்கு? எவனோ ஒரு வெள்ளைக்காரன் மூஞ்சியை மாட்டி, இருளப்பசாமின்னு பேரு வச்சிருக்க. அந்தக் கோட்டையும் கோட்டையா? நாம நெனைச்ச கோட்டை சஞ்சீவி மலை உசரம். வாசக் கதவு ஆண்டாள் கோவில் கோபுரம் அம்புட்டுப் பெருசு. நான் கண்ணை மூடுனா இன்னைக்கும் வரும். இப்ப அது மேல எவனோ பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கான். இதைப் பாத்தப் பொறவு எனக்குப் பழசு வருமா, சொல்லு. வராது. நீ அதையும் எடுத்துட்ட.

— பழைய கேமுல அவன் பேரு முழுசா எடுக்காது, நெனைப்பு இருக்கா? இங்கிலீசுல ஆறு எழுத்தோட நின்னுரும். இருளப்-னு நிக்கும். 'எங்கய்யா வச்ச பேரைப் பாதியில வெட்டுறானே'ன்னு திட்டுவான். இதுல முழுப் பேரும் எடுக்குது. அதைத்தான் நான் மொதல்ல பாத்தேன்.

— ஆறு எழுத்து. பேரு மாதிரியே அவனுக்கு ஆயுசும் பாதிதான் எழுதியிருந்துச்சுபோல. சரி, என் பேரு எங்க?

— ஒன் பேரா?

— அதான் கேக்குறேன். இருளப்பசாமி இருக்கான். காதரு இருக்க. மூணாவது இடம் காலியா இருக்கு. மூணு பேரு போக வேண்டிய எடத்துக்கு ரெண்டு பேரு போறீக. என்னைத் தூக்கிட்டியா?

— தூக்கலை. விட்டு வச்சிருக்கு.

— யாருக்கு?

— அதை நான் சொல்லக் கூடாது. பொறு, பொறு, பேசிக்கிட்டே இருந்ததுல நிறுத்தாம விட்டுட்டேன். பேய் வருது.

— ஏலே, அவனை அடிக்குதுடா. கைய வையி.

— வச்சிருக்கேன். ரெண்டு பேரை வச்சு இந்த எடத்தைத் தாண்டுறது கஷ்டம். மூணாவது ஆளு இருந்தா…

— விழுந்துட்டான்.

— எந்திரிப்பான். பாரு.

— என்ன மணிச்சத்தம் அது?

— புதுசுல இப்படி வச்சிருக்கான். ஊருக்குள்ள ஒரு கோயில் இருக்கு. விழுந்தா மணி அடிக்கும், கோயில் வாசல்ல எந்திரிச்சு நிப்பான். காயமெல்லாம் ஆறிப்போயிரும்.

— திரும்ப அடி.

— எதை?

— அந்த மணியை. எம்புட்டுத் தடவை வேணும்னாலும் அடிப்பானா?

— எம்புட்டுத் தடவைனாலும்.

— பழசுல என்ன செய்வான் தெரியுமா ஒனக்கு? செத்தா செத்ததுதான். மிசினு 'கிர்ர்'னு ஒரு சத்தம் போடும். ஃப்ளாப்பியில எழுதிரும், இந்த ஆளு இனி இல்லைன்னு. நீ ஒரு தடவை செத்த. எலும்புக் குகையில.

— ஆமா.

— அன்னைக்கு இருளப்பன் என்ன சொன்னான்? நான் ரெண்டு பேரா ஆடிருவோம்னேன். அவன் ஒத்துக்கலை. 'காதரு இல்லாம எங்கிட்டுப் போறது, மொதல்ல இருந்து ஆடுவோம்'னான். ஆறு மாசம் ஆடுனதை அழிச்சுட்டு மொத ஊருக்கே திரும்ப வந்தோம். ஒனக்காக. அவன் மூஞ்சியில ஒரு வருத்தம் கிடையாது. சிரிக்கான். 'திரும்ப அந்தக் கெணத்தடியில இருந்து நடக்கலாம்ல'ன்னு சிரிக்கான். அவன் அப்படி. அவனுக்கு அது எப்பவும் முடியக் கூடாது. அப்படிப்பட்டவன் பேரை வச்சு, விழுந்தா மணி அடிச்சு எந்திரிக்க வச்சுக்கிட்டு இருக்க. ரோட்டுல விழுந்தானே, அன்னைக்கு எவன் மணி அடிச்சான்?

— மெதுவாப் பேசு. பக்கத்துக் கடையில வெடி வாங்க கூட்டம் நிக்குது.

— நிக்கட்டும். யாரு ஆடுறா இதை?

— நான்தான்.

— பொய் சொல்லாத. நீ ஆடுனா என் பேரை வச்சிருப்ப. ஒன் கிறுக்கு எனக்குத் தெரியும். வேற ஆளு சொல்லித்தான் இருளப்பன் பேரை வச்சிருக்க. எவனாவது காலேஜ்காரப் பய வந்து, 'அண்ணே, ஒங்க ஃப்ரெண்டு கதை சொன்னீகளே, அந்தப் பேரை வைங்க'ன்னானா? அவன் செத்த கதையை வர்றவன் போறவன்ட்ட எல்லாம் அவிழ்த்து விடுறியா?

— அல்லா மேல ஆணையா இல்ல.

— அப்ப யாரு?

— சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஊரு சிரிக்கும்னு அவங்க பயப்படுறாங்க.

— அவங்களாம். பெரிய அவங்க. நீ யாருக்கு வேணும்னாலும் வாக்குக் குடுப்ப, எங்களுக்குக் குடுத்ததைத் தவிர.

— தவசி, ஒன் கோவம் இந்த சிடி மேல இல்ல. எனக்குத் தெரியும். அதைச் சொல்லு, கேட்டுக்கிறேன்.

— சொல்லணுமா?

— சொல்லு.

— அந்த ஞாயித்துக்கிழமை. ரெண்டாவது ஃப்ளாப்பி முடிஞ்சு இரும்புக் கதவுக்கு வந்துட்டோம். 'மூணாவதைப் போடு'ன்னு மிசின் கேக்குது. அவன் வரலை. காச்சல்னு தளவாய்புரத்துல படுத்திருக்கான். நான்தான் அவன் வீட்டுக்குப் பக்கத்துல சண்முகத்தாய் கடைக்குப் போன் போட்டேன். ஒத்துக்கிறேன். 'மழை பெய்யுதுடா'ன்னான். 'கரைஞ்சா போயிருவ, எடுத்துட்டு வாடா'ன்னேன். அந்த நேரம் நீ எங்க நின்ன?

— பக்கத்துல.

— பக்கத்துல நின்னு என்ன செஞ்ச காதரு? நீ சொல்லலைன்னா நான் சொல்றேன். போனுக்கு வாயை வச்சு, 'சீக்கிரம் மிதிச்சு வாடா, கதவு தொறக்கணும்'னு கத்துன. கத்துனியா இல்லியா?

— கத்துனேன்.

— மறுநாள் எழவு விழுந்த அவன் வீட்டு முத்தத்துல, அவங்க மாமன் கருத்தையா எந்திரிச்சு, 'காச்சக்காரனை மழையில யாருடா வரச் சொன்னது'ன்னு கேட்டாரு. நீ என்ன சொன்ன?

— 'தவசி போன் போட்டான்'னேன்.

— ஆமா. தவசி போன் போட்டான். அம்புட்டுச் சனமும் என் மூஞ்சியைப் பாத்துச்சு. அவங்க அம்மா பாத்தாங்க. நீ தரையைப் பாத்துக்கிட்டு நின்ன. 'நாங்க கூப்பிட்டோம்'னு ஒரு வார்த்தை. நாங்க. அதைச் சொல்ல ஒனக்கு வாய் வரலை. அன்னைக்கு அந்த முத்தத்தை விட்டு வெளிய வந்தவன்தான். அவன் பதினாறுக்குப் போகலை. தளவாய்புரம் பஸ்ல ஏறலை. ராஜபாளையத்துல இருக்கவே முடியலை. கோயம்புத்தூர்ல மோட்டார் கம்பெனியில நிக்கேன்.

— கேட்டாங்க, வாயில வந்துருச்சு. பத்தொம்போது வயசு. பயந்துட்டேன்.

— எனக்கும் அதே வயசுதான்.

— சரி, என்னையும் பேச விடு. 'காப்பி எடுத்து வச்சுக்குவோம்டா, ஒண்ணு கெட்டா ஒண்ணு இருக்கும்'னு அன்னைக்கே நான் சொன்னேனா இல்லியா? மில்லு ஆபீஸ்ல வெறும் ஃப்ளாப்பி எம்புட்டுக் கெடந்துச்சு. யாரு வேண்டாம்னது? 'காப்பி எடுத்தா எவனாவது தனியா ஆடிருவான், எடுக்கக் கூடாது'ன்னது யாரு? ஒரு காப்பி மட்டும் இருந்திருந்தா அவன் அன்னைக்கு வரவே வேண்டியது இல்ல. போர்வையைப் போத்திப் படுத்திருப்பான். இதை நான் முத்தத்துல வச்சுச் சொன்னேனா? ஒம்போது வருசத்துல ஒருத்தன்ட்டயாவது சொன்னேனா?

— இப்பச் சொல்லிட்டல்ல.

— நீ சொல்ல வச்ச.

— நகரு.

— எங்க கைய வைக்கிற?

— நகருடா. நானே அழிச்சுக்கிறேன்.

— தவசி, கீபோர்டைத் தொடாத.

— ஓரத்துல குப்பைத் தொட்டி படம் போட்டிருக்கானே, இதான? இருளப்பசாமி பேரு மேல வச்சு அமுக்கணும், அம்புட்டுத்தான?

— அது பேரை மட்டும் அழிக்காது. அம்புட்டையும் அழிச்சிரும். ஆடி மாசத்துல இருந்து ஆடுனது. வேண்டாம்டா. என் மேல கோவம்னா என்னை அடி. ரெண்டு அறை விடு, வாங்கிக்கிறேன். அதைத் தொடாத.

— நிசமாத்தான் அழிக்கணுமான்னு கேக்குது, பாரேன். மிசினுக்கு இருக்குற மரியாதை.

— டேய்.

— ஆமா. நிசமாத்தான். முடிஞ்சது. சுத்தமா இருக்கு. இனிமே எவனும் அவனை எழுப்ப மாட்டான்.

— அழிச்சுட்டியேடா.

— என்ன, காப்பி எடுத்து வச்சிருப்ப. ஒன்னைத் தெரியாதா. போட்டுக்கோ, நான் போன பொறவு.

— எடுக்கலை.

— என்னது?

— காப்பி எடுக்கலை. நீ எடுக்கக் கூடாதுன்னு சொன்னதுதான். ஒம்போது வருசமாச்சு, இந்த ஒரு கேமுக்கு மட்டும் கை வரமாட்டேங்குது. மணி என்ன?

— நாலாகப் போகுது. ஏன்?

— நாலு மணி பஸ்ல வருவாங்க. கிறுக்குப் பயலே. நீ என்ன காரியம் செஞ்சிருக்கன்னு தெரியுமா?

— யாரு வருவாங்க?

— இனிமே வாக்காவது, மண்ணாவது. கேட்டுக்கோ. ஆடி மாசம், இதே மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமை. ஒரு பொம்பளை இந்தப் படியில ஏறி வந்தாங்க. கையில மஞ்சப் பை. பைக்குள்ள ஒரு ஃப்ளாப்பி. மூணாவது.

— அது நசுங்கிப் போச்சே.

— நசுங்குனது சைக்கிளு. ஃப்ளாப்பியைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, சட்டைக்குள்ள வயித்தோட ஒட்டி வச்சிருந்திருக்கான், நனையக் கூடாதுன்னு. ஆஸ்பத்திரியில துணிமணியோட அதையும் மடிச்சு அவங்க கையில குடுத்துட்டாங்க. கவர் கிழிஞ்சு ரத்தம் அப்பியிருந்திருக்கு.

— பிச்சையம்மாளா? அவங்க அம்மாவா?

— அந்த அம்மா என்ன செஞ்சிருக்காங்க தெரியுமா? அதைக் கழுவியிருக்காங்க. சோப்புப் போட்டு. உறையைப் பிரிச்சு, உள்ள இருக்குற கருப்பு வட்டை உருவி எடுத்து, ரெண்டு பக்கமும் தேச்சு, அவன் சட்டைக்குப் பக்கத்துல கொடியில காயப் போட்டிருக்காங்க. காஞ்சதும் உறைக்குள்ள சொருகி, ஓரத்தை ஊசி நூல் போட்டுத் தைச்சிருக்காங்க. நைட்டி தைக்கிற கை. அவ்வளவு நேர்த்தியான தையலு. டிரங்குப் பொட்டியில இத்தனை வருசமும் வச்சிருந்து எடுத்துட்டு வந்து, 'யய்யா, ஒரு கறை இல்ல, சுத்தமா வச்சிருக்கேன். போட்டுக் காட்டு. காச்சலோட எம்மவன் மழையில தூக்கிட்டு ஓடுன அளவுக்கு இதுக்குள்ள என்னதான் இருந்துச்சு, நான் பாக்கணும்'னாங்க.

— நீ என்ன சொன்ன?

— என்ன சொல்றது? கழுவுனதுல போச்சும்மான்னு சொல்லவா? பழைய மிசின் ஒண்ணு கெடந்துச்சு. தையலைப் பிரிச்சுப் போட்டேன். கரகரன்னு கத்துச்சு. 'நேரமாகும்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க'ன்னேன். அன்னைக்கு ராத்திரியே மெட்ராஸுக்கு ஆள் விட்டேன். அதுக்குள்ள இருந்தது இதுதான்னு அவங்களுக்குச் சொல்லி வச்சிருக்கேன். வாரா வாரம் ரெண்டு பஸ் மாறி வாராங்க. இந்த முக்காலியில உக்காருவாங்க. பேரு வைக்கச் சொன்னதே அவங்கதான். ஒன் பேரையும் வைக்கவான்னு கேட்டேன். 'ஆளு வராம பேரை மட்டும் போடாத, அந்த எடத்தை அப்படியே விட்டு வையி'ன்னுட்டாங்க. அவன் விழுந்து மணி அடிக்கும்போது, இப்படி முந்தானையை வாயில வச்சுக்குவாங்க. எந்திரிச்சதும், 'ம், போ'ன்னு சொல்லுவாங்க. அவனைப் பாத்து.

— காதரு.

— போன வாரம் இரும்புக் கதவுக்கு வந்துட்டோம். அதே கதவு. நம்ம நின்ன எடம். 'அடுத்த வாரம் தொறந்து உள்ள காட்டுறேம்மா'ன்னு சொன்னேன். அந்த அடுத்த வாரம் இன்னைக்கு.

— நான் போறேன். அவங்க வரதுக்குள்ள நான் போயிர்றேன்.

— காலை ஒடிச்சிருவேன்.

— என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுடா நிக்க அவங்க முன்னால?

— இந்த மூஞ்சியைத்தான். அன்னைக்கு நான் காட்டிக் குடுத்தேன்னு ஒம்போது வருசம் கோவிச்சுக்கிட்டல்ல? இன்னைக்கு நீயே சொல்லு. நான் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கேன். எனக்குத்தான் அது நல்லா வருமே.

— கத்தாத. படியில ஆளு வருது.

— அவங்கதான்.

— யய்யா காதரு, என்ன கூட்டம்கிற பஸ்ஸுல. தீபாவளிக்கு ஊரே கெளம்பி அங்கிட்டும் இங்கிட்டும் போகுது. ராஜபாளையத்துல இருந்து நின்னுக்கிட்டே வாரேன். இந்தா, அதிரசம். ஒடையாம கொண்டு வரதுக்குள்ள பெரும்பாடு.

— வாங்கம்மா. உக்காருங்க.

— என்ன, மிசின் சும்மா நிக்குது? இவரு யாரு? வெளையாட வந்தவரா? நீங்க வெளையாடுங்கய்யா, நான் செத்த நேரம் இருந்து… ஏன்யா இப்படி நிக்கிறீக? காதரு, இது யாரு? எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கு.

— தவசிமுத்தும்மா.

— அம்மா, நான்…

— இரு. வெளிச்சத்துக்கு வா. காதோரம் நரைச்சுப்போச்சேடா ஒனக்கு. எம்மவனுக்கும் இந்நேரம் நரைச்சிருக்குமோ என்னமோ. அவங்க அய்யாவுக்கு முப்பதுலயே நரை. வீட்டுக்கு வரவே இல்லியே நீ. பதினாறுக்கும் ஒனக்கு ஒரு இலை போட்டு வச்சிருந்தேன்.

— அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தக் கேமு… கை தவறி, நாங்க அழிச்சுட்டோம்மா.

— நாங்க இல்லம்மா. அவனைச் சேக்காதீக. நான் அழிச்சேன். கை தவறியும் இல்ல. கோவத்துல அழிச்சேன்.

— எதை அழிச்சீக?

— அம்புட்டையும்மா. இருளப்பன் நடந்து வந்த தூரம் அம்புட்டும். கதவு வரைக்கும் வந்தது, எல்லாம் போச்சு.

— கதவு?

— இன்னைக்குத் தொறக்க முடியாதும்மா. என்னைத் திட்டுங்க. அன்னைக்குப் போன் போட்டதும் நான்தான். அதுக்கும் சேத்துத் திட்டிருங்க.

— இருப்பா. காதரு, இப்ப மொதல்ல இருந்து நடந்தா, அந்தக் கதவுக்கு வர எம்புட்டு நாளாகும்?

— நாங்க ரெண்டு பேரு சேந்து ஆடுனாக்கூட பொங்கல் ஆயிரும்மா.

— பொங்கலா?

— கொறைக்கப் பாக்குறோம்மா. நான் லீவு போட்டுட்டு இங்கேயே இருந்து…

— அடப் போப்பா அங்கிட்டு, யாரு கொறைக்கச் சொன்னது? நேத்துப் பூரா எனக்குத் தூக்கமில்ல. அந்தக் கதவைத் தொறந்து பாத்துட்டா பொறவு எந்த ஞாயித்துக்கிழமைக்கு நான் பஸ் ஏறுவேன்? கரண்டு போயிருக்கணும், மிசின் கெட்டிருக்கணும்னு வழி நெடுக அய்யனாரைக் கும்பிட்டுக்கிட்டே வாரேன். முக்காலியை இழுத்துப் போட்டு உக்காரு தவசி, ஒன் பேரையும் சேத்து எழுது. பொங்கல் வரைக்கும் எம்மவன் இருப்பான்ல.